ஊதா நூல் வைத்த கூடு

தேரிக்காட்டில் நாச்சியா என்றொரு முயல் இருந்தாள். அவளுக்கு நாலு குட்டிகள். பிறந்து எட்டு நாள்தான் ஆகியிருந்தது.

தேரி என்பது செம்மணல் மேடு. அதில் வளை தோண்டுவது சுலபம். அது இடிந்து விழுவதும் சுலபம். ஐப்பசி பிறந்ததும் பெய்த முதல் மழையிலேயே நாச்சியாவின் வளை சரிந்துவிட்டது. அவள் குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு, சுண்ணாம்புப் பாறைக்கு அடியில் இருந்த ஒரு பொந்துக்குக் குடிபோனாள்.

பொந்து உறுதியாகத்தான் இருந்தது. ஆனால் தரை சில்லிட்டுக் கிடந்தது. குட்டிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிப் படுத்தும் நடுக்கம் நிற்கவில்லை. கிழக்கே கடலுக்கு மேல் மேகம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது. பெருமழை இறங்குவதற்குள் மெத்தென்று விரிக்க ஏதாவது வேண்டும்.

அன்று வெள்ளிக்கிழமை. தேரிக்காட்டு உயிர்கள் தொழுகைக்கும் சந்தைக்கும் ஒரே நாளை வைத்திருந்தன. ஜும்ஆ தொழுகை முடிந்ததும் சுனைக்கரை உடைமரத்தடியில் சந்தை கூடிவிடும். அங்கே பணம் கிடையாது. பண்டத்துக்குப் பண்டம்தான். நாச்சியா தான் பொறுக்கிக் காயவைத்திருந்த இலந்தைப்பழங்களைப் பூவரச இலையில் பொதிந்து கவ்விக்கொண்டு சந்தைக்குப் போனாள்.

வழியில் பக்கத்து வீட்டு ஆமை மொகுதூம் மாமாவும் சேர்ந்துகொண்டார். அவர் நல்லவர். பிறர் பொருளைத் தொடமாட்டார். ஆனால் அவருக்கு ஒரு வியாதி இருந்தது. எதைப் பார்த்தாலும் சந்தேகம். சந்தையில் யார் எதை விற்றாலும், இது எங்கே கிடைத்தது, கொடுத்தவனுக்கு எங்கே கிடைத்தது, அவனுக்கு முந்தியவனுக்கு எங்கே கிடைத்தது என்று கேட்டுக்கொண்டே போவார். அவர் தலை தெரிந்ததும் பாதிப் பேர் பொருளை மூடிக்கொண்டு வேறு பக்கம் திரும்பிவிடுவார்கள்.

அன்றும் மைனாவிடம் வெள்ளரிப் பிஞ்சைப் பார்த்ததும் அவருக்கு நாக்கில் நீர் ஊறியது. இருந்தாலும் கேள்வியை ஆரம்பித்தார். கொடி உன்னுடையதா என்றார். ஆமாம் என்றது மைனா. விதை யார் கொடுத்தது என்றார். ஏதோ ஒரு பறவை போட்ட எச்சத்தில் முளைத்தது என்றது மைனா. அந்தப் பறவை அந்த வெள்ளரியை எந்தத் தோட்டத்தில் தின்றது என்று கேட்டார்.

மைனா அலுத்துப்போய்ச் சொன்னது: "எச்சம் போட்டுட்டுப் பறந்துபோயிட்டுது மாமா. விலாசம் சொல்லலை."

மொகுதூம் மாமா வாங்காமலே நகர்ந்துவிட்டார். ஒரு மாதமாக அவருக்கு ஆகாரமே உடைமரத்திலிருந்து தானாக உதிர்ந்த நெற்றுதான். ஓட்டுக்குள் உடம்பு தளர்ந்து, நடக்கும்போது லொடலொடவென்று சத்தம் கேட்டது.

நாச்சியா அவரை விட்டுவிட்டுக் காகத்தின் கடைக்குப் போனாள். அந்தக் காகத்தை எல்லாரும் காக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அண்ணன் என்ற மரியாதைக்காகக் கூப்பிட்டார்களா, காகம் என்பதால் கூப்பிட்டார்களா என்று யாரும் பிரித்துப் பார்த்ததில்லை. காக்கா கடையில் எல்லாம் கிடைக்கும். தகர மூடி, அறுந்த கயிறு, உடைந்த சீப்பு, தேங்காய் நார். எல்லாம் அவர் அங்கங்கே பொறுக்கியவை.

அன்று அவருடைய கடையில் புதிதாக ஒன்று இருந்தது. அது ஒரு தூக்கணாங்குருவிக் கூடு. பச்சை மாறாத புல்லில் நெருக்கமாக முடைந்த கூடு. அடிப்பக்கம் பானை போல அகலமாக இருந்தது. பிரிக்காமல் அப்படியே சாய்த்துப் போட்டாலே நாலு குட்டிகள் தாராளமாகப் படுக்கலாம். தொட்டுப் பார்த்தாள். அதன் மென்மையில் அவளுக்குக் குட்டிகளின் நடுக்கம் ஞாபகம் வந்தது.

எவ்வளவு வேண்டும் என்று கேட்டாள். அந்த இலையில் இருக்கும் பழத்தில் பாதி போதும் என்றார் காக்கா.

நாச்சியாவுக்குத் திக்கென்றது. அப்படி ஒரு கூட்டை முடைய ஒரு குருவி எத்தனை நாள் பாடுபடும் என்று அவளுக்குத் தெரியும். அதைப் பாதி இலை இலந்தைக்கு யார் கொடுப்பார்கள்? கூட்டைத் திருப்பிப் பார்த்தாள். வாசல் ஓரத்தில் ஊதா நிறத்தில் ஒரு நூல் கோக்கப்பட்டிருந்தது. ஆசையாக, மூன்று முடிச்சுப் போட்டுக் கட்டிய நூல். தன் கூட்டை வேண்டாமென்று விட்டுப்போகிற யாரும் இப்படிக் கட்டிவைக்க மாட்டார்கள்.

"இது யாருடையது காக்கா?" என்று கேட்டாள்.

"என்னுடையதுதான்," என்றார் காக்கா. "நேத்து வேற யார்கிட்டயோ இருந்தது. இன்னைக்கு என்கிட்ட இருக்கு. கொஞ்ச நேரத்துல உன்கிட்ட இருக்கும். சந்தைன்னா அப்படித்தானே புள்ளே?"

இது கேள்விக்குப் பதில் இல்லை என்று நாச்சியாவுக்குப் புரிந்தது. ஆனால் அதே நேரத்தில் தூரத்தில் இடி உறுமியது. காட்டுக்கு மார்க்கம் சொல்லும் கொண்டலாத்திப் பறவை லெப்பை ஒருநாள் சொன்னது அவளுக்கு நினைவு வந்தது. சந்தையில் விற்கிறவனைத் துருவித் துருவிக் கேட்க வேண்டியதில்லை என்று அவர் சொல்லியிருந்தார். அதற்கு மேல் அவர் என்ன சொன்னார் என்பது நினைவில்லை. குட்டிகளுக்குப் பசிக்குமே என்று அன்று பாதியிலேயே எழுந்து வந்திருந்தாள்.

நினைவிருந்த அந்தப் பாதியே போதும் என்று தோன்றியது. பழத்தைக் கொடுத்துவிட்டுக் கூட்டை இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

குட்டிகளுக்கு ஒரே கொண்டாட்டம். கூட்டைச் சாய்த்துப்போட்டதும் நாலும் அதற்குள் உருண்டு விழுந்தன. மூத்தது உடனே ஓரத்தைக் கடித்துப் பார்த்தது. கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்று, நாலும் ஒரே உருண்டையாகத் தூங்கிப்போயின.

நாச்சியா அவற்றைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். ஊதா நூல் வாசல் பக்கம் நீட்டிக்கொண்டு தெரிந்தது. எழுந்துபோய் அந்த ஓரத்தை உள்பக்கமாகத் திருப்பி மடித்தாள். அதன்மேல் ஒரு காய்ந்த இலையையும் வைத்தாள். பிறகு தண்ணீர் குடிக்கச் சுனைக்குப் போனாள்.

சுனைக்கரையில் சபுரா என்ற தூக்கணாங்குருவி வருகிறவர் போகிறவரை எல்லாம் நிறுத்தி விசாரித்துக்கொண்டிருந்தாள். நாச்சியாவிடமும் வந்து, அக்காவை அழைப்பதுபோல லாத்தா என்று கூப்பிட்டாள்.

"லாத்தா, எங்க கூட்டைப் பார்த்தீங்களா? வாசல்ல ஊதா நூல் கட்டியிருக்கும்."

நாச்சியா தலையை ஆட்டினாள். ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம். சபுரா இல்லை என்று எடுத்துக்கொண்டாள்.

அவள் தன் கதையைச் சொன்னாள். அவளுடைய கணவர் சுல்தான் முடைந்த கூடு அது. முதலில் அவர் முடைந்த இரண்டு கூடுகள் அவளுக்குப் பிடிக்கவில்லையாம். மூன்றாவதை முடைந்துவிட்டு, கடற்கரை வரை பறந்துபோய், அறுந்த வலையிலிருந்து அந்த நூலை உருவிக்கொண்டு வந்து கட்டினாராம். அதைப் பார்த்த பிறகுதான் அவருக்குச் சம்மதம் சொன்னாளாம். நேற்று இருவரும் இரை தேடிப் போய்த் திரும்புவதற்குள் கூட்டைக் காணவில்லை. முட்டை இடும் நாள் நெருங்கிவிட்டது. சுல்தான் வெறும் பனையோலையில் உட்கார்ந்து ஒற்றைப் புல்லை வைத்து மறுபடியும் ஆரம்பித்திருக்கிறார். மழைக்குள் முடியாது என்று அவருக்கே தெரியும்.

சொல்லும்போது சபுரா அழவில்லை. அதுதான் நாச்சியாவுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. தண்ணீர் குடிக்காமலே ஓடினாள்.

அவள் ஓடிய இடம் கொண்டலாத்தி லெப்பையின் இடம். கொண்டலாத்தி நீண்ட அலகால் மணலைக் கிளறிப் புழு தேடிக்கொண்டிருந்தார். அந்தக் காட்டில் மார்க்கச் சட்டம் தெரிந்தவர் அவர்தான். யார் வந்து கேட்டாலும் தெரிந்ததைச் சொல்லுவார். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு மறுபடியும் மணலைக் கிளறுவார். அங்கே மொகுதூம் மாமாவும் இருந்தார். வெள்ளரிப் பிஞ்சைத் தின்னலாமா கூடாதா என்று கேட்க வந்திருந்தார்.

நாச்சியா தன் பெயரைச் சொல்லாமல் ஆரம்பித்தாள். எனக்குத் தெரிந்த ஒருத்தி சந்தையில் ஒரு பொருளை வாங்கினாள், எங்கிருந்து வந்தது என்று அவள் கிண்டிக் கேட்கவில்லை, அது தப்பா என்றாள்.

"தப்பில்லை," என்றார் கொண்டலாத்தி. "விக்கிறவன் கையில இருக்கிறது அவனுடையதுன்னுதான் எடுத்துக்கணும். சும்மா சும்மா சந்தேகப்படறதுக்கு நமக்கு உரிமை இல்லை. மொகுதூம் மாமா, இது உங்களுக்கும் சேர்த்துத்தான். அந்த மைனா பொய் சொல்லுதுன்னு நினைக்க உங்களுக்கு ஏதாவது காரணம் இருக்கா?"

மாமா யோசித்துப் பார்த்தார். ஒரு காரணமும் இல்லை.

"அப்போ வெள்ளரியைச் சாப்பிடுங்க. அல்லாஹ் ஹலாலாக்கினதை நீங்களா ஹராமாக்காதீங்க."

மாமாவின் கழுத்து ஓட்டை விட்டு முழுதாக வெளியே வந்தது. ஒரு மாதமாக அவர் அப்படிக் கழுத்தை நீட்டியதில்லை. நாச்சியாவுக்கும் மூச்சு வந்தது. சரி, போகிறேன் என்று திரும்பினாள்.

"கொஞ்சம் நில்லுங்க," என்றார் கொண்டலாத்தி. "போன தடவையும் பாதியில எழுந்து போயிட்டீங்க. உங்களுக்குத் தெரிஞ்ச அந்தப் பொண்ணு வாங்கும்போது, அது திருட்டுப் பொருளா இருக்கலாம்னு நினைக்க அடையாளம் ஏதாவது இருந்துச்சா?"

நாச்சியா தரையைப் பார்த்தாள். விலை மிகக் குறைவாக இருந்ததை முதலில் சொன்னாள். பிறகு, கேட்டதற்கு விற்றவர் நேரான பதில் சொல்லாததைச் சொன்னாள். கடைசியில், மெல்லிய குரலில், ஊதா நூலைச் சொன்னாள்.

கொண்டலாத்தியின் கொண்டை மெல்ல விரிந்து நின்றது. அவர் கோபப்படவில்லை. பொறுமையாகவே விளக்கினார். அடையாளம் இல்லாதபோது துருவுவது தவறு. அடையாளம் கண்ணுக்குத் தெரியும்போது கேட்டுத்தான் ஆக வேண்டும். கேட்டும் தெளிவு வராவிட்டால் பொருளை விட்டுவிட வேண்டும். வாங்கிய பிறகு அது இன்னாருடையது என்று தெரிந்துவிட்டால் அதில் இரண்டாவது பேச்சே இல்லை. அவரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். கொடுத்த பழத்தை உடையவரிடம் கேட்க முடியாது. விற்றவரிடம்தான் கேட்க வேண்டும். பொருளுக்குச் சேதம் வந்திருந்தால் அதை வாங்கியவரே சரிசெய்து தர வேண்டும்.

"அவளுக்குப் பச்சைக்குட்டிங்க இருக்கு லெப்பை," என்றாள் நாச்சியா. "மழை வருது."

"அது நிஜமான கஷ்டம்தான். அதுக்கு நாம எல்லாரும் சேர்ந்து வழி பார்க்கலாம். ஆனா நமக்குக் கஷ்டம் வந்ததனால அடுத்தவங்க கூடு நமக்குச் சொந்தமாயிடாது."

பிறகு நாச்சியா, தெரிந்த ஒருத்தி என்று சொன்னது தன்னைத்தான் என்றாள். அது இருவருக்கும் எப்போதோ புரிந்திருந்தது.

நாச்சியா கூட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வரும்வரை குட்டிகளை யார் பார்ப்பது என்ற பேச்சு வந்தது. மொகுதூம் மாமா முன்னால் வந்தார்.

"நான் பொந்து வாசல்ல உட்கார்ந்துக்கறேன். காத்தும் உள்ளே வராது, தூறலும் வராது. என் ஓடு யாருடையதுன்னு எனக்கு நல்லாவே தெரியும்."

போகிற வழியில் அவர் மைனாவின் கடையில் ஒரு நிமிடம் நின்றார். பழக்கதோஷத்தில் வாயைத் திறந்தார். மைனா சிறகை விரித்துப் பறக்கத் தயாரானது. மாமா கேள்வியை விழுங்கிவிட்டு, தன் உடைநெற்றில் ஒரு பங்கைக் கொடுத்து வெள்ளரிப் பிஞ்சை வாங்கினார். அங்கேயே கடித்தார். கண்ணை மூடிக்கொண்டு மென்றார். அப்புறம்தான் நடையைக் கட்டினார்.

பொந்துக்குள் நாச்சியா தூங்குகிற குட்டிகளை மெல்ல எடுத்து வெறும் தரையில் விட்டாள். நாலும் முனகின. ஆனால் அவள் கை நிற்கவில்லை. காய்ந்த இலையை அகற்றி, ஊதா நூலை வெளியே எடுத்து நேராக்கினாள். மூத்த குட்டி கடித்த இடத்தில் நாலைந்து இழைகள் அறுந்திருந்தன. சுனைக்கரையில் பச்சைக் கோரைப்புல்லாகப் பார்த்துப் பறித்தாள். கூட்டையும் புல்லையும் சேர்த்து இழுத்துக்கொண்டு பனைமரத்தடிக்குப் போனாள். பொந்து வாசலை மாமாவின் ஓடு அடைத்திருந்தது.

சபுராவும் சுல்தானும் மேலிருந்து பார்த்துவிட்டுக் கீழே இறங்கினார்கள். சுல்தான் கூட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். சபுரா நாச்சியாவின் முகத்தைப் பார்த்தாள்.

"சுனைக்கரையில கேட்டப்போ நீங்க ஒண்ணும் சொல்லலையே லாத்தா," என்றாள்.

நாச்சியாவிடம் நல்ல சாக்கு ஒன்று இருந்தது. நான் சந்தையில் வாங்கினேன், எனக்கு எப்படித் தெரியும் என்று சொல்லியிருக்கலாம். அதை யாரும் மறுத்திருக்க முடியாது. ஆனால் அவள் அதைச் சொல்லவில்லை.

"எனக்குத் தெரியும் சபுரா. வாங்கும்போதே சந்தேகம் இருந்துச்சு. வீட்டுக்கு வந்து நானே அந்த நூலை உள்பக்கம் திருப்பி மறைச்சு வச்சேன். தெரியாம வாங்கியிருந்தா எதுக்கு மறைக்கப் போறேன்? என்னை மன்னிச்சிடு."

சபுராவுக்குக் கோபம் வந்தது. வரத்தானே செய்யும்? சுல்தானுக்கும் வந்தது. அவர் வாயில் புல் இருந்ததால் அதைச் சொல்ல முடியவில்லை. பிறகு சபுரா கூட்டின் ஓரத்தில் சின்னச் சின்னப் பல் தடங்களைக் கண்டாள். எத்தனை குட்டிகள் என்று கேட்டாள். நாலு என்றாள் நாச்சியா. அவற்றின் கீழே இப்போது என்ன விரித்திருக்கிறது என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றாள் நாச்சியா.

சபுரா அறுந்த இழைகளில் கோரைப்புல்லைக் கோக்க ஆரம்பித்தாள். நாச்சியா ஒவ்வொரு புல்லாக எடுத்துக் கொடுத்தாள். அந்த வேலை முடியும்போது இருவரும் பிள்ளைப்பேற்றைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். சபுராவும் சுல்தானும் கூட்டை மறுபடியும் பனையோலையில் கட்டித் தொங்கவிட்டார்கள்.

இதற்குள் கொண்டலாத்தி லெப்பை காக்காவைக் கூப்பிட்டு அனுப்பியிருந்தார். காக்கா வந்தார். கூடு ஆளில்லாமல் தொங்கியது, யாரோ விட்டுப்போனது என்று நினைத்துக்கொண்டேன் என்றார். பச்சைப் புல்லும் முறுக்கு மாறாத நூலும் இருந்த கூட்டையா விட்டுப்போனது என்று நினைத்தீர்கள் என்று லெப்பை கேட்டார். ஒரு குரல் கொடுத்துப் பார்த்தீர்களா என்றும் கேட்டார். காக்கா தலையைச் சொறிந்தார். காட்டில் பொறுக்கிய பொருள்களோடு பொருளாக அதையும் பிய்த்துக்கொண்டு வந்ததை ஒப்புக்கொண்டார்.

அப்படியானால் விற்பனை செல்லாது, நாச்சியாவின் பழத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்றார் லெப்பை.

"அது என் வயித்துக்குள்ள இருக்கு லெப்பை," என்றார் காக்கா.

பழத்தைத் திருப்ப முடியாது என்றால் அதற்கு ஈடாக வேறு கொடுக்கலாம், நாச்சியா சம்மதித்தால் போதும் என்றார் லெப்பை. என்ன வேண்டும் என்று நாச்சியாவைக் கேட்டார். அவளுக்கு யோசிக்க நேரம் தேவைப்படவில்லை. மேற்குத் தேரியில் எருக்கஞ்செடிகள் காய் வெடித்து நிற்கின்றன. அவை யாருக்கும் சொந்தமில்லை. பறிப்பவருக்குத்தான் அந்தப் பஞ்சு. குட்டிகளை விட்டுவிட்டு அவ்வளவு தூரம் அவளால் போய்வர முடியவில்லை. காக்காவுக்கு அது நாலு சிறகடிப்புத் தூரம்.

காக்கா முணுமுணுத்துக்கொண்டே கிளம்பினார். போதும் என்று நாச்சியா சொல்லும்வரை ஏழு தடவை போய்வந்தார். வாய் நிறையப் பஞ்சு இருந்ததால் அந்த ஏழு தடவையும் அவரால் ஒரு வார்த்தை பேச முடியவில்லை. தேரிக்காடு அவ்வளவு அமைதியாக இருந்து நாளாகிவிட்டது என்று மைனா சொன்னது. அதற்குப் பிறகும், யாரும் கேட்காமலே, எட்டாவதாக ஒரு வாய்ப் பஞ்சைக் கொண்டுவந்து பொந்துக்குள் போட்டார். அது எதற்கு என்று நாச்சியா கேட்டாள்.

"பொய் சொன்னதுக்கு," என்று சொல்லிவிட்டு அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு மழை பிடித்தது. மணலில் விழுந்து புகை கிளப்பிய மழை, கொஞ்ச நேரத்தில் ஓடையாக ஓடியது. பொந்துக்குள் வெள்ளைப் பஞ்சில் நாலு குட்டிகளும் மூக்கு மட்டும் தெரியப் புதைந்து தூங்கின. மொகுதூம் மாமா வாசலை விட்டு நகரவில்லை. பனையோலையில் கூடு காற்றுக்கு ஆடியது. உள்ளே சபுரா அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அன்று அவள் முதல் முட்டையை இட்டிருந்தாள்.

நாச்சியா குட்டிகளை அணைத்துக்கொண்டு படுத்தாள். மறைத்து வைக்க அவளிடம் ஒன்றுமில்லை. நல்ல தூக்கம் வந்தது.

காரணமில்லாமல் ஒருவர் பொருளைச் சந்தேகிக்கக் கூடாது; ஆனால் சந்தேகத்துக்குக் காரணம் கண்முன்னால் இருக்கும்போது, கேட்டுத் தெளியாமல் வாங்கிவிட்டுத் தெரியாது என்று சொல்லவும் கூடாது.